கதிரையில் இருந்து கேட்க முடியாத பாட்டு

2013 டிசம்பர். கொழும்பில் காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் எங்கள் அலுவலகத்தின் ஆண்டிறுதி விருந்து. நான் வழக்கம்போல வாசலுக்குக் கிட்ட இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டேன். அங்கே இருந்தால் சாப்பாடு முடிந்த கையோடு யாருக்கும் தெரியாமல் எழும்பிப் போகலாம். முந்திய வருடங்களிலும் அப்படித்தான் போயிருந்தேன். பாட்டுக் குழு மேடை ஏறுகிற நேரம் நான் ஓட்டோவில் வெள்ளவத்தைக்குப் பாதி வழி வந்திருப்பேன்.

அந்த வருடம் இறைச்சி வேக நேரமாகிவிட்டதோ என்னவோ, சாப்பாடு பிந்தியது. பாட்டு முந்தியது. வந்தவர்கள் ஜிப்சீஸ், சிங்கள ஆட்டப்பாட்டான பைலா பாடுகிற குழுவினர்.

அவர்களின் பாடகர் சுனில் பெரேரா மேடையில் ஏறியதும் மண்டபத்தின் சத்தமே மாறிவிட்டது. அவர் வாய் திறக்க முன்னமே ஆட்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். இரண்டு பாட்டுக்கு நடுவே கதைப்பார், சிங்களம் பாதி, ஆங்கிலம் பாதி. எனக்கு அப்போது சிங்களம் அலுவலகக் கடிதம் வாசிக்கிற அளவுக்கு வரும், பகிடி விளங்குகிற அளவுக்கு வராது. ஆனாலும் எங்கள் நிறுவனத் தலைவரும் தேநீர் கொண்டுவந்து தருகிற அண்ணனும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சிரித்ததைக் கவனித்தேன். அப்படி ஒன்றை அந்த அலுவலகத்தில் அதுவரை நான் கண்டதில்லை.

மூன்றாவது பாட்டு போய்க்கொண்டிருந்தபோது என் வலக்கை விரல்கள் மேசைவிரிப்பில் எதையோ எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டேன். தகிட தகிட. தகிட தகிட. திஸ்ர நடை, மூன்று மூன்றாக எண்ணுவது. சின்ன வயதில் பழகிய கை அது, சொல்லாமலே எண்ணும். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. சமம், அதாவது தாளச் சுற்றுத் தொடங்குகிற அந்த ஒன்று, மட்டும் பிடிபடவில்லை. நான் ஒன்று என்று தட்டிய இடத்தில் ஆடுகிறவர்களின் கால் மேலே நின்றது. நான் மூன்று என்று நினைத்த இடத்தில் மண்டபமே தரையை மிதித்தது. திரும்பவும் எண்ணினேன். திரும்பவும் பிழைத்தது. சாப்பாடு எப்போது வந்தது என்று நினைவில்லை. அன்று பத்தரை மணி வரை, அந்த ஒன்றைத் தேடிக்கொண்டு அந்தக் கதிரையிலேயே இருந்தேன்.

இது எனக்கு ஏன் அவ்வளவு பெரிய விசயமாகப் பட்டது என்று சொல்ல வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்து இணுவில்காரி. எங்கள் ஊரில் தவில் சத்தம் மழைச் சத்தம் மாதிரி, அது கேட்காத பிள்ளைப்பருவம் கிடையாது. திருவிழாவில் விடிய விடிய நாதஸ்வரக் கச்சேரி நடக்கும். அப்பா என்னைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் இருப்பார். முன்வரிசையில் தாளம் போட்டபடி கிழவர்கள் இருப்பார்கள். தவில்காரர் எங்கெங்கோ சுற்றி அலைந்துவிட்டுக் கடைசித் தீர்மானத்தை வாசித்துச் சமத்தில் வந்து விழும்போது அத்தனை தலையும் ஒன்றாக ஆடும். தவில் மேதை தட்சணாமூர்த்தியைக் கேட்கிற பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் 1975 இலேயே போய்விட்டார். ஆனால் அவரைக் கேட்டவர்களுக்கு நடுவில் வளர்ந்தேன். பிறகு நானே மிருதங்கம் பழகி, வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் நாலாம் தரம் வரை போனேன். இசை என்றால் எனக்கு முதலில் தாளம்தான். தாளம் என்றால் சமம். அது எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரு பாட்டு, அதுவும் ஒரு நாட்டில் பிறந்து வளர்ந்து முப்பது வயதுக்குப் பிறகு, எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது என்பது என்னைப் போட்டு உலுக்கியது.

தெரியாமல் இருந்தது என்பதுகூடச் சரியில்லை. நான் கேட்க மறுத்தேன்.

2006 இல் கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஒரு ஒழுங்கைக்குள் அறை. அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்த போர்க்காலம் அது. இரவில் வாகனம் வந்து நின்றால் எழும்பி இருப்போம். எங்கள் அறைக்குப் பின்னால் ஒரு மண்டபம் இருந்தது. சனிக்கிழமைகளில் அங்கே கலியாணம் நடக்கும், பைலா அடிக்கும். யன்னலைச் சாத்தினாலும் சுவர் வழியே வரும். யாருடையோ சந்தோசம் அது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு மதிலும் ஒரு நாடும் இருப்பதாகத்தான் அப்போது உணர்ந்தேன். காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினாலும் அதே தாளம், அதே கூத்து. ஒரு நாள் பஸ்ஸில் என் பைக்குள் கையை விட்டுத் தேடினார்கள். பின்னால் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு எங்கே அது கேட்டாலும் வயிற்றுக்குள் ஏதோ இறுகும்.

ஊரிலும் பைலாவுக்கு நல்ல பெயர் இல்லை. குடித்துவிட்டுப் பாடுவது, கூத்தடிப்பது, அவ்வளவுதான். சிங்களத்திலேயே ஒருவர் வெறும் வாய்ப்பேச்சுப் பேசினால் "பைலா அடிக்கிறார்" என்பார்கள். அந்த மொழிக்காரர்களே அப்படிச் சொல்லும்போது எனக்கு ஏன் என்று இருந்துவிட்டேன்.

விருந்துக்கு அடுத்த திங்கட்கிழமை, மொறட்டுவையில் இருந்து வரும் என் சக ஊழியர் ஒருவரின் மேசைக்குப் போனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்பார், நான் அக்கே என்பேன். "அக்கே, அந்தப் பாட்டில் ஒன்று எங்கே வருகிறது?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. மேசையில் தட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துவிட்டு, "நீ ஏன் எண்ணுகிறாய்?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. அடுத்த நாள் ஒரு பென்டிரைவ் கொண்டுவந்து தந்தார். "சுனில் எங்கள் ஊர் ஆள்தான். ஆனால் அங்கே தொடங்காதே. வாலி பஸ்தியானில் தொடங்கு."

அப்படித்தான் தொடங்கினேன். வாலி பஸ்தியான் 1914 இல் பிறந்தவர், பொலிஸில் வேலை பார்த்தவர், வயலினும் பான்ஜோவும் வாசிப்பார். இன்று பைலா என்று நாம் கேட்கிற வடிவத்தை, அதாவது ஒருவர் பாட மற்றவர்கள் பல்லவியைச் சேர்ந்து எடுக்கிற அந்தக் கோரஸ் பைலாவை நிலைநிறுத்தியவர் அவர்தான். பழைய ஒலிப்பதிவு, கீச்சென்று இருக்கும். ஆனால் அந்தக் கீச்சுக்குள் ஆச்சரியமான ஒரு மென்மை இருந்தது. நான் பஸ்ஸில் கேட்ட இரைச்சல் இதில் இல்லை. ஒரு வயலின், ஒரு பான்ஜோ, ஒரு சின்னத் தோல்வாத்தியம், அதற்கு மேல் அவசரமே இல்லாத ஒரு குரல். அதே ஆறு எண்ணிக்கைதான். ஆனால் மெதுவாக ஓடுவதால் உள்ளே நடப்பது தெரிந்தது. ஆறை ஒரு கை மூன்று மூன்றாகப் பிரிக்கிறது, இன்னொரு கை இரண்டு இரண்டாகப் பிரிக்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தகிட தகிட என்பதற்கு மேலே தக தக தக. குரலோ சமத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்துவிடுகிறது. நம் ஆட்கள் அதீத எடுப்பு என்று ஒரு தனிப் பெயர் வைத்து, வருடக்கணக்கில் பழக்கித் தருகிற விசயத்தைக் கலியாண வீட்டில் இவர்கள் சும்மா செய்துகொண்டிருந்தார்கள்.

வாலி பஸ்தியானுக்கும் முந்திய ஒரு வடிவம் வாத பைலா. இரண்டு பாடகர்கள் எதிரும் புதிருமாக நிற்பார்கள். அங்கேயே பாட்டுக் கட்ட வேண்டும், எதுகை தவறக் கூடாது, தாளம் தவறக் கூடாது, எதிராளி போட்ட கேள்விக்குப் பதிலும் இருக்க வேண்டும். கேட்டபோது எனக்கு எசப்பாட்டு நினைவுக்கு வந்தது, லாவணி நினைவுக்கு வந்தது. வாய்ப்பேச்சு என்று பெயர் வந்ததற்கும் அதில் ஒரு வேர் இருக்கலாம். ஆனால் அந்த வாய்ப்பேச்சைத் தாளத்துக்குள் நிறுத்திச் செய்து பாருங்கள், எவ்வளவு பெரிய வித்தை என்று தெரியும்.

பிறகு எம்.எஸ். பெர்னாண்டோ. பைலாச் சக்கரவர்த்தி என்று அவரைச் சொல்வார்கள், குரலில் ஒரு கம்பீரம். பிறகு டெஸ்மண்ட் டி சில்வா. என்னை மிகவும் பிடித்துக்கொண்டவர் அன்ரன் ஜோன்ஸ். அவர் நாட்டில் நடந்ததைப் பாடுவார். மரு சிரா என்று பேர்போன ஒரு கைதியை 1975 இல் தூக்கிலிட்டார்கள். அவரைப் பற்றி அன்ரன் ஜோன்ஸ் பாடிய பாட்டு பத்திரிகைச் செய்தியைவிட நீண்ட நாள் வாழ்கிறது. நம்மிடம் கொலைச்சிந்து என்று ஒன்று இருந்ததே, ஊரை உலுக்கிய சம்பவத்தைப் பாட்டாகக் கட்டிச் சந்தையில் பாடி விற்பார்களே, அதே வேலைதான் இது. சோகச் செய்தியை ஆட்டத் தாளத்தில் பாடலாமா என்று முதலில் எனக்கு உறுத்தியது. நாலைந்து தரம் கேட்ட பிறகு அந்த உறுத்தல் போய்விட்டது. செத்த வீட்டுப் பறையும் ஆடத்தக்க தாளம்தான்.

ஒரு மாலை அக்கே என்னைத் தன்னோடு கொள்ளுப்பிட்டியில் இருந்து கரையோர ரெயிலில் கூட்டிக்கொண்டு போனார். அலுவலகம் விட்ட நேரம், கால் வைக்க இடமில்லை. வாசல் பக்கம் நின்ற ஆண்கள் ஏழெட்டுப் பேர், களைத்துப்போன ஆட்கள், பெட்டியின் தகரச் சுவரில் தட்டிப் பாடத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வீடுகளின் பின்புறம். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். தினமும் அதே ரெயில், அதே பெட்டி, அதே ஆட்கள் என்று அக்கே சொன்னார். தகரத்தில் விழுந்த கையைப் பார்த்து எண்ணினேன். அன்றும் ஒன்று தப்பிப்போனது.

வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க, அந்தத் தாளம் எந்த வழியாக வந்தது என்று தெரிந்தது. பைலா என்பது போர்த்துக்கேயச் சொல். அவர்கள் மொழியில் பைலார் என்றால் ஆடுவது. 1505 இல் வந்து 1658 இல் போனவர்கள் கோட்டைகளை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை. அவர்களோடு ஆபிரிக்காவில் இருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் தாளமும் இங்கே தங்கியது. அவர்களுக்குப் பிறகு ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும்கூட ஆபிரிக்கர்களைக் கொண்டுவந்தார்கள். பைலாவின் தாய்வடிவத்துக்கு கபிரிஞ்ஞா என்று பெயர். காபிர் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் அந்த மக்களின் பெயரே அதில் இருக்கிறது. அவர்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிராம்பியடியில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பாடும் மஞ்ஜா என்ற பாட்டை யூரியூப்பில் பார்த்தேன். போத்தலும் கரண்டியும் தேங்காய்ச் சிரட்டையும்தான் வாத்தியம். மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசியில் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பிவிடுகிறார்கள். அந்தப் பாட்டின் மொழியை அவர்கள் வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. மொழி போன பிறகும் பாட்டு இருக்கிறது. அடிமைகளாகவும் படையாட்களாகவும் கடல் கடந்து இழுத்து வரப்பட்ட மக்களின் கால்தட்டு அது. வெள்ளவத்தை அறையில் அதைத்தான் நான் யன்னலைச் சாத்தி வெளியே நிறுத்தினேன்.

யன்னல் என்றேனே. அந்தச் சொல்லும் அதே கப்பலில் வந்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதை யோசித்துக்கொண்டு என் அறையைச் சுற்றிப் பார்த்தேன். நான் இருந்தது கதிரை. முன்னால் மேசை. மேசையில் பாண். மூலையில் அலுமாரி. கதவில் தொங்குகிற துவாய். வாசலில் சப்பாத்து. எல்லாமே போர்த்துக்கேயம். ஊரில் எங்கள் வீட்டு விறாந்தையும் அங்கே போட்டிருக்கிற வாங்கும் போர்த்துக்கேயம். தமிழகத்து நண்பர்கள் யாழ்ப்பாணத் தமிழ் தூய தமிழ் என்று புகழும்போது நாங்கள் சந்தோசப்பட்டுக்கொள்வோம். அந்தத் தமிழில் ஒரு நாள் காலைச் சாப்பாட்டைக்கூட அவர்களின் சொல் இல்லாமல் சொல்லி முடிக்க முடியாது. சிங்களத்திலும் சப்பாத்தும் பாணும் அலுமாரியும் அநேகமாக அப்படியேதான் இருக்கின்றன. சொற்களை இரண்டு பேரும் வீட்டுக்குள் எடுத்து வைத்துக்கொண்டோம். பாட்டை மட்டும் நான் அவர்களுடையது என்று ஒதுக்கிவிட்டேன்.

அன்று பின்னேரம் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பைலா கேட்கிறேன் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. தவில் தவிர வேறு எதையும் இசை என்று அவர் ஒத்துக்கொண்டதை நான் கேட்டதில்லை. சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "உரும்பிராய் நித்தியின்ர பாட்டுகள் உனக்குத் தெரியுமோ பிள்ளை?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்து ஊர்க்காரரான நித்தி கனகரத்தினம் 1960களின் பிற்பகுதியில் தமிழில் துள்ளிசைப் பாட்டுகள் பாடத் தொடங்கியவர். எங்கள் பேச்சுத் தமிழ், எங்கள் கள்ளுக்கடை, எங்கள் மாமிமார், கீழே ஓடுவது பைலாத் தாளம். சின்ன மாமியைப் பற்றிய அவருடைய பாட்டு நான் சிறுவயதில் எத்தனையோ கலியாண வீட்டில் கேட்ட பாட்டு. அதைப் பைலா என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, ஏனென்றால் அது தமிழில் இருந்தது. 1970களில் ஏ.ஈ. மனோகரன் வந்தார், பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று பெயர் எடுத்தார். அவருடைய சுராங்கனி தமிழும் சிங்களமும் ஒரே வரியில் கைகோத்து நடக்கிற பாட்டு. அது கடல் கடந்து தமிழகம் வரை போனது. அவர் 2018 இல் சென்னையில் காலமானார்.

"நாங்கள் இளந்தாரியள் அப்ப. கோயில் வெளிவீதியில தவில் கேட்டுட்டு, சைக்கிளில வீட்ட வரேக்க பாடுறது உந்தப் பாட்டுகள்தான்," என்றார் அப்பா. அவர் சைக்கிளில் பாடிக்கொண்டு வருவதை என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. பிறகு ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "நாடு மாறிப்போச்சு பிள்ளை. பிறகு ஆர் பாடினது?" என்றார். அதற்குப் பிறகு ஒரு வரியை மெதுவாக முனகினார். எழுபதை நெருங்கிய குரல், சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. தாளம் இம்மியும் பிசகவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் பதில் சொல்லாததைப் பார்த்து, "லைன் கட்டாயிட்டுதோ?" என்று கேட்டார்.

2016 இல் வேலை விசயமாக மட்டக்களப்புக்குப் போனேன். வேலை இரண்டு நாளில் முடிந்தது. மூன்றாம் நாளைப் பறங்கியர்களுக்காக ஒதுக்கினேன். மட்டக்களப்பில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. தச்சு, தையல், இயந்திரத் திருத்தம் என்று கைத்தொழில் செய்கிறவர்கள். கத்தோலிக்கர்கள். வெளியே பேசுவது மட்டக்களப்புத் தமிழ். வீட்டுக்குள் மூத்தவர்களிடம் இன்னும் அந்தப் பழைய போர்த்துக்கேயக் கிரியோல் மொழி இருக்கிறது. கடற்கரையோரத்து டச்பார் பகுதியில் இருந்த பல குடும்பங்களை 2004 சுனாமி அழித்துவிட்டது. பாட்டுத் தெரிந்தவர்களும் அதில் போனார்கள்.

தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு முதியவரின் வீட்டுக்குப் போனேன். தச்சர். முற்றத்தில் சீவல் சுருள்கள், அரைவாசி செய்த ஒரு அலுமாரி. "வாங்க மகள், இருங்க," என்று கதிரை போட்டார். எனக்கு அவர் முகத்தையும் தமிழையும் சேர்த்துப் பார்க்கப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. உள்ளே போய் வயலினைக் கொண்டுவந்தார். நான் கண்ட எந்தக் கச்சேரி வயலின்காரரும் பிடிப்பது மாதிரி இல்லை. நெஞ்சுக்குக் கிட்டச் சாய்த்து, வில்லைக் குறுக்கிப் பிடித்து, குட்டை குட்டையாக இழுத்தார். கபிரிஞ்ஞா. கலியாண வீட்டில் சோடி சோடியாக நின்று ஆடுகிற ஆட்டத்துக்கான இசை. அவருடைய பேரன் றபான் என்கிற தோல் மேளம் ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினான். வயலின் முன்னால் போக, றபான் ஒரு மயிரிழை பின்னால் வந்தது. அந்த மயிரிழைதான் எல்லாம்.

நான் என்னை அறியாமல் தொடையில் தட்டினேன். அவர் வில்லை நிறுத்திவிட்டார்.

"மகள் மிருதங்கம் படிச்சயளோ?"

"ஓம் ஐயா. ஆனால் இதில் ஒன்று எங்கே விழுகுது என்று மூன்று வருசமாகத் தேடுறேன்."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். பிறகு உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அவர் அடுப்படியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "கொஞ்சம் ஆடிக் காட்டு," என்றார். அந்த அம்மா வெட்கப்படவில்லை. சீலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில், அந்தச் சீவல்களுக்கு நடுவே, நாலு அடி முன்னால் வந்து, ஒரு அரைச் சுற்றுச் சுற்றி, நாலு அடி பின்னால் போனார்.

"என்ட கையப் பாக்காதீங்க மகள். அவட காலப் பாருங்க. நாங்க அந்தக் காலுக்குத்தான் வாசிக்கிற."

பார்த்தேன். கால் தரையில் ஊன்றுகிற இடம்தான் ஒன்று. வயலினின் அழுத்தம் அதற்குக் கொஞ்சம் முன்னால் விழுகிறது, காலைத் தூக்குவதற்காக. நான் இவ்வளவு காலமும் தூக்குகிற இடத்தைத்தான் சமம் என்று எண்ணியிருக்கிறேன். எங்கள் கச்சேரியில் வாசிக்கிறவரும் கேட்கிறவரும் இருந்தபடியே இருப்பார்கள். சமம் கையில் இருக்கும், அல்லது கிழவர்களின் தலையில் இருக்கும். இதில் அது வாத்தியக்காரரிடம் இல்லை, ஆடுகிறவரின் உள்ளங்காலில் இருக்கிறது. கதிரையில் இருந்துகொண்டு எத்தனை வருடம் எண்ணினாலும் அது அகப்பட்டிருக்காது.

போகும்போது அந்த அம்மா ஒரு பாட்டின் இரண்டு அடியைச் சொல்லித் தந்தார். அர்த்தம் கேட்டேன். முதல் அடிக்குச் சொன்னார். இரண்டாவது அடிக்கு, "அது அம்மாக்குத்தான் தெரியும், அம்மா போயிட்டா," என்றார்.

இவ்வளவு சொல்லிவிட்டு, எனக்குப் பிடிக்காததையும் சொல்லத்தான் வேண்டும். இன்றைய பைலாவில் பாதிக்கு மேல் எனக்குக் கேட்க முடிவதில்லை. நொன்ஸ்டொப் என்று முப்பது பாட்டை ஒன்றாக ஒட்டி, கீபோர்டில் பதிந்து வைத்த தாளத்தை ஓட விடுகிறார்கள். அந்த இயந்திரத் தாளம் மிகச் சரியாக இருக்கிறது, அதுதான் அதில் பிழை. பேரனின் றபான் பின்னால் இழுத்த அந்த மயிரிழை அதில் இல்லை. அது இல்லாவிட்டால் வெறும் ஆறு எண்ணிக்கைதான் மிஞ்சும். வரிகளும் அப்படித்தான். பெண்களைக் கேவலமாகப் பேசுகிற பாட்டுகள் பழையதிலும் உண்டு, புதியதிலும் உண்டு. தாளம் நன்றாக இருக்கிறது என்பதற்காக அவற்றை நான் பொறுத்துக்கொள்ளப் போவதில்லை. சிங்களம் நன்றாக விளங்கத் தொடங்கிய பிறகு, முன்பு ரசித்த சில பாட்டுகளை என் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன். விளங்கத் தொடங்கியதால் சுனில் பெரேராவின் பாட்டுகள் இன்னும் கிட்ட வந்தன. சிரிக்க வைத்துக்கொண்டே இந்த நாட்டின் போலித்தனங்களைக் கேள்வி கேட்டவர் அவர். 2013 இல் தலைவரும் தேநீர் அண்ணனும் எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்குப் பிந்தித்தான் தெரிய வந்தது.

2021 செப்டெம்பர் 6 ஆம் திகதி அவர் போய்விட்டார். கொவிட் வந்து நோய்ப்பட்டிருந்தவர், வயது 68. ஓகஸ்ட் 20 இல் இருந்து நாடு முழுக்க ஊரடங்கு. காலி வீதியில் ஒரு பஸ் இல்லை. நாற்பது வருடங்களுக்கு மேல் மண்டபங்களை நிறைத்த மனிதரை வழியனுப்பக் கூட்டம் சேர முடியாத நாட்கள். அன்று பின்னேரம் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் யாரோ அவருடைய பாட்டைப் போட்டார்கள். பிறகு எதிர்க் கட்டடத்தில் இருந்தும் கேட்டது. எங்கள் ஒழுங்கையில் அநேகமாக எல்லோரும் தமிழர்கள். நான் பல்கனியில் போய் நின்றேன். யாரும் ஆடவில்லை. பக்கத்துப் பல்கனியில் ஒரு அம்மா உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தார், பாட்டு முடியும் வரை கொடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அக்கேக்கு அழைப்பெடுத்தேன். இரண்டு பேரும் அதிகம் கதைக்கவில்லை.

அக்கேயின் மகளுக்குப் போன வருடம் கலியாணம், மொறட்டுவையில் ஒரு மண்டபம். நான் சேலை கட்டிக்கொண்டு போனேன். இந்த முறை வாசலுக்குப் பக்கத்து மேசையைத் தேடவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கூலிக்குப் பிடித்த குழு இளைப்பாறப் போனது. அப்போது அக்கேயின் சித்தப்பாமார் ஒரு கிற்றாரையும் ஒரு றபானையும் எடுத்துக்கொண்டு கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டார்கள். பழைய வாலி பஸ்தியான் பாட்டு ஒன்று. அக்கே செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் இறங்கினார். எனக்கு ஆட வராது என்று அவருக்குத் தெரியும். றபான் வைத்திருந்த பெரியவரிடம் ஏதோ சொன்னார். அவர் எழும்பி வந்து அதை என்னிடம் நீட்டினார்.

தோல் கொஞ்சம் இளகி இருந்தது. யாரோ மெழுகுதிரியில் சூடு காட்டித் தந்தார்கள். நான் இருக்கவில்லை, நின்றபடியே பிடித்துக்கொண்டேன். கிற்றார் முன்னால் போனது. குரல் எடுத்தது. முதல் சுற்றுக் கையை விட்டுப் போனது. எண்ணுவதை நிறுத்திவிட்டு அக்கேயின் காலைப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் அவருடைய பாதம் தரையில் இறங்க, என் கை தோலில் விழுந்தது.

அவர் ஆட்டத்தை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பினார்.

"ஹரி, நங்கி," என்றார். சரி, தங்கச்சி.